யாரு சார் இந்தக் காசைக் குடுக்குறது?

எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அண்ணன், துணி மூட்டையை வாங்கிக்கொண்ட கையோடு கைபேசியை என் பக்கம் நீட்டினார். "சார், இது என்னன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க." திரை முழுக்க ஆங்கிலம். 20,000 ரூபாய் கடன் அவருக்குத் தயாராக இருக்கிறதாம். மாதம் இரண்டரை சதவீத வட்டி, ஆறு தவணை. ஆதார், பான், ஒரு செல்ஃபி போதும். ஐந்து நிமிடத்தில் பணம் கணக்கில் விழுந்துவிடும். வண்டிக் கம்பியில் அவர் கட்டித் தொங்கவிட்டிருக்கும் க்யூஆர் அட்டையில் தினமும் சேருகிற பத்தும் இருபதும்தான் இந்தக் கடனுக்கு ஜாமீன்.

நான் வட்டிக் கணக்கை விளக்கப் போனேன். அவர் மறித்தார். "வட்டி கெடக்கட்டும் சார். யாரு சார் இந்தக் காசைக் குடுக்குறது?"

திரையில் கொட்டை எழுத்தில் இருந்தது செயலியின் பெயர். கடன் கொடுப்பவர் பெயர் அது இல்லை. நாலு திரை தள்ளி, பொடி எழுத்தில், நாங்கள் இருவருமே கேள்விப்படாத ஒரு வங்கிசாரா நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தது. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட அண்ணன் கேட்ட கேள்விக்குத்தான், கடந்த ஐந்தாறு ஆண்டுகளாக இந்திய ரிசர்வ் வங்கி சுற்றறிக்கைமேல் சுற்றறிக்கையாகப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறது.

மீட்டர் வட்டி, டிஜிட்டல் அவதாரம்

தமிழ்நாட்டில் 2003இல் கந்து வட்டித் தடைச் சட்டம் வந்தது. அதன் விளக்கப் பிரிவைப் படிப்பதே ஓர் அனுபவம். தின வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே விளக்கம் தந்திருப்பார்கள். சட்டம் எழுதியவர்கள் மார்க்கெட்டுக்குள் இறங்கி வார்த்தை பொறுக்கியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். மீறினால் மூன்று ஆண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். அந்தச் சட்டம் மனதில் வைத்திருந்த ஆள், மாலையானால் நோட்டுப் புத்தகத்தோடு கடை கடையாக வரும் தண்டல்காரர். அவருக்கு முகம் உண்டு, ஊர் உண்டு, வண்டி நம்பர் உண்டு.

2020 ஊரடங்கில் கடன் செயலி வழியாக வந்த ஆளுக்கு இவை எதுவும் கிடையாது. 5,000 ரூபாய் கேட்டால் 'சேவைக் கட்டணம்' என்று பிடித்துக்கொண்டு 3,500 ரூபாய் தருவார்கள். ஏழாம் நாள் 5,000 ரூபாயாகக் கட்ட வேண்டும். ஒரு வாரத்துக்கு ஏறக்குறைய 43 சதவீதம். அதையே ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் 2,200 சதவீதத்தைத் தாண்டும். மீட்டர் வட்டிக்காரர்கூட நாணிக் கோணிக்கொள்வார்.

வட்டியைவிடக் கொடுமை வசூல். செயலியை இறக்கும்போது 'தொடர்புகளை அணுக அனுமதிக்கவா?' என்று ஒரு சிறு பெட்டி எழும். பணத் தேவையில் இருப்பவர் படித்துப் பார்க்கவா போகிறார்? விரல் தானாக 'அனுமதி'யைத் தொட்டுவிடும். எட்டாம் நாள் காலை அவருடைய மாமனார், மேலாளர், பிள்ளையின் பள்ளி ஆசிரியை என்று அத்தனை பேருக்கும் 'இவர் திருடன்' என்று படத்தோடு செய்தி போகும். தண்டல்காரர் வாசலில் நின்று கத்தினால் தெருவுக்குத்தான் கேட்கும். இது உறவு முழுக்கக் கேட்டது. அவமானம் தாங்காமல் உயிரை விட்டவர்கள் உண்டு.

ரிசர்வ் வங்கி 2020 டிசம்பரில் மக்களை எச்சரித்தது. 2021 ஜனவரி தொடக்கத்தில் சென்னை மத்தியக் குற்றப்பிரிவு போலீசார் பெங்களூருவில் இருந்து செயலி நடத்திய கும்பலைப் பிடித்தனர். கைதானவர்களில் இரண்டு பேர் சீனர்கள். அதே மாதம் ரிசர்வ் வங்கி ஒரு பணிக்குழு அமைத்தது. நவம்பரில் வந்த அதன் அறிக்கை சொன்ன கணக்கு: ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்குச் சுமார் 1,100 கடன் செயலிகள் கிடைக்கின்றன, அவற்றில் 600 சட்டவிரோதமானவை. பாதிக்கு மேல்!

வாலை விட்டு மூக்கணாங்கயிறு

'ஃபின்டெக் சட்டம்' என்ற பெயரில் இந்திய நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் எதுவும் கிடையாது. 1934ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கிச் சட்டம், 1949ஆம் ஆண்டின் வங்கி ஒழுங்குமுறைச் சட்டம், 2007ஆம் ஆண்டின் பணப் பட்டுவாடா மற்றும் தீர்வு முறைச் சட்டம்: முக்கியமாக இந்த மூன்றையும் வைத்துக்கொண்டுதான் ரிசர்வ் வங்கி வண்டி ஓட்டுகிறது. மூன்றில் இளையது பிறந்தபோது இந்தியாவில் ஆண்ட்ராய்டு கைபேசி விற்பனைக்கே வரவில்லை.

பழைய சட்டத்தை வைத்துப் புதிய செயலியைப் பிடிப்பது எப்படி? மாட்டை அடக்க வாலைப் பிடித்துத் தொங்குபவன் உதைதான் வாங்குவான். மூக்கணாங்கயிறு யார் கையில் இருக்கிறதோ அவன் சொன்ன திசையில் மாடு நடக்கும். செயலி இன்றைக்கு ஒரு பெயரில் இருக்கும், நாளைக்கு வேறு பெயரில் வரும். ஆனால் கடனாகக் கொடுக்கும் காசு ஏதாவது வங்கியிலிருந்தோ நிதி நிறுவனத்திலிருந்தோதான் வந்தாக வேண்டும். அவர்களுக்கு உரிமம் கொடுத்தது ரிசர்வ் வங்கி. அந்தக் கயிற்றைத்தான் அது இழுக்கிறது.

2022 பிப்ரவரியில் முதல் இழுப்பு. 'கேஷ்பீன்' என்ற செயலி வழியாகக் கடன் கொடுத்துவந்த டெல்லி நிறுவனமான பிசி ஃபைனான்ஷியல் சர்வீசஸின் பதிவு ரத்தானது. அநியாய வட்டி என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தைப் படித்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை: கடனை வசூலிக்க ரிசர்வ் வங்கியின் முத்திரையையும் சிபிஐயின் முத்திரையையும் அனுமதி இல்லாமல் பயன்படுத்தியிருக்கிறார்கள். போலீஸ் தொப்பி மாட்டிக்கொண்டு திருடப் போன கதை.

அந்த ஆண்டு செப்டம்பர் 2ஆம் தேதி டிஜிட்டல் கடன் வழிகாட்டுதல்கள் வந்தன. அதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒரே ஒரு விதி. கடன் பணம் நிதி நிறுவனத்தின் கணக்கிலிருந்து நேராக வாங்குபவரின் வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும். தவணைப் பணமும் நேராகத் திரும்ப வேண்டும். நடுவில் செயலிக்காரரின் கணக்கில் காசு ஒரு நிமிடம்கூடத் தங்கக் கூடாது. பார்க்கச் சாதாரணமான விதி. அதுவரை நடந்ததைப் பார்த்தால்தான் அதன் வீரியம் புரியும். பெயருக்கு ஒரு சின்ன நிதி நிறுவனம், உண்மையில் பணம் போடுவதும் வசூலிப்பதும் செயலிக்காரர். உரிமத்தை வாடகைக்கு விடுகிற வியாபாரம். பினாமி என்று சொன்னால் நம் ஊரில் சட்டென்று விளங்கும். பணத்தின் பாதையை நேராக்கியதும் அந்தப் பினாமிக்கு உட்கார இடம் இல்லாமல் போயிற்று. கடன் திரும்ப வராமல் போனால் செயலிக்காரர் ஏற்றுக்கொள்ளும் உத்தரவாதத்துக்கும் 2023 ஜூனில் ஐந்து சதவீதம் என்று கூரை போட்டார்கள்.

தொடர்புப் பட்டியல், படங்கள், அழைப்பு விவரங்கள் இவற்றைச் செயலி தொடவே கூடாது என்பதும் 2022 வழிகாட்டுதலில் இருக்கிறது. கேமரா, மைக், இருப்பிடம் ஆகியவற்றுக்கு மட்டும், வாடிக்கையாளரைச் சேர்க்கும்போது, அவர் சம்மதத்தோடு ஒரே ஒரு முறை. மாமனாருக்குச் செய்தி அனுப்பிய அந்தச் சிறு பெட்டியை இப்படி மூடினார்கள். வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் தொலைபேசியில் அழைக்கக் கூடாது என்பது 2022 ஆகஸ்டில் வந்த சுற்றறிக்கை.

அண்ணனின் 43 சதவீதம்

அண்ணனின் கடனுக்கு வருவோம். மாதம் இரண்டரை என்றால் ஆண்டுக்கு முப்பது. குறையும் அசலுக்கு வட்டி என்று வைத்தால் மாதத் தவணை 3,631 ரூபாய். ஆனால் பரிசீலனைக் கட்டணம் 600 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியாக 108 ரூபாயும் முதலிலேயே கழிந்துவிடும். கைக்கு வருவது 19,292. கட்டுவதோ 20,000 ரூபாய்க்கான தவணை. எல்லாச் செலவையும் சேர்த்துப் போட்டால் உண்மையான ஆண்டுச் செலவு சுமார் 43 சதவீதம்.

இந்த 43 என்ற எண்ணைத்தான் நிறுவனங்கள் ஒளித்துவைத்திருந்தன. இப்போது ஒளிக்க முடியாது. 'முக்கிய விவர அறிக்கை' என்ற ஒரு தாளில் அந்த ஆண்டு விகிதத்தைக் காட்டியே தீர வேண்டும். அந்தத் தாளில் சொல்லாத கட்டணம் எதையும் வாடிக்கையாளரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பின்னால் வசூலிக்க முடியாது. கடன் வாங்கிய பிறகு மனம் மாறினால், குறைந்தது ஒரு நாள் அவகாசம் உண்டு: அசலையும் அந்த நாட்களுக்கான செலவையும் கொடுத்துவிட்டு அபராதம் இல்லாமல் வெளியே வரலாம்.

அண்ணனுக்கு அந்தத் தாளைக் காட்டினேன். ஒன்பதாவது திரையில் இருந்தது, ஆங்கிலத்தில். 43 என்ற எண்ணின் மேல் விரலை வைத்து, "நூத்துக்கா?" என்றார். ஆமாம் என்றேன். "வேணாம் சார். சீட்டைத் தள்ளி எடுத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியில் கரி போடப் போய்விட்டார். (சீட்டுக்கும் ஒரு சட்டம் உண்டு, 1982ஆம் ஆண்டுச் சட்டம். அவருடைய சீட்டு பதிவு செய்யப்பட்டதுதானா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.)

43 சதவீதம் வாங்குவது குற்றமா என்று கேட்பீர்கள். தெருத் தண்டல்காரர் வாங்கினால் 2003ஆம் ஆண்டுச் சட்டம் அவர்மேல் பாயலாம். ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்ற நிறுவனம் வாங்கினால் மாநிலச் சட்டத்துக்கு அங்கே வேலை இல்லை. 2022 மே 10ஆம் தேதி, கேரள நிறுவனம் ஒன்று தொடுத்த நெடும்பிள்ளி ஃபைனான்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: பதிவு பெற்ற வங்கிசாரா நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கிச் சட்டமே முழுமையான சட்டம்; மாநிலங்களின் வட்டித் தொழில் சட்டங்கள் அவற்றைத் தொடாது. ரிசர்வ் வங்கியோ இந்த நிறுவனங்களுக்குப் பொதுவான வட்டி உச்சவரம்பு எதையும் விதிக்கவில்லை. நியாயமாக இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறது. நியாயம் மீறிப் போனதாகப் பட்டால் அடிக்கும்: 2024 அக்டோபரில் அதிக வட்டிக்காக நான்கு நிறுவனங்களைப் புதுக் கடன் கொடுக்க விடாமல் நிறுத்தியது, அதில் ஒன்று சென்னையில் தலைமையகம் கொண்டது. சில மாதங்களில் நான்கின் மீதும் தடை நீங்கியது. எங்கே கோடு இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லாமல், தாண்டிய பிறகு அடிப்பது நல்ல நடுவருக்கு அழகில்லை என்பது என் கட்சி.

மன்னார்குடி நீதிபதியின் இரண்டு தீர்ப்புகள்

நெடும்பிள்ளி தீர்ப்பை எழுதியவர் நீதிபதி வி.ராமசுப்பிரமணியன். மன்னார்குடியில் பிறந்தவர், சென்னை உயர் நீதிமன்றத்தில் இருந்தவர். ரிசர்வ் வங்கியின் அதிகாரத்துக்கு அரண் கட்டிய இவரேதான் இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் அதற்கு ஒரு குட்டும் வைத்தார்.

2018 ஏப்ரல் 6ஆம் தேதி ரிசர்வ் வங்கி இரண்டு சுற்றறிக்கைகளை வெளியிட்டது. ஒன்று, பணப் பட்டுவாடா தகவல் முழுவதையும் இந்தியாவிலேயே சேமிக்க வேண்டும். உலகையே ஆட்டிப்படைக்கும் கார்டு நிறுவனங்கள் முணுமுணுத்தன. 2021 ஜூலையில் மாஸ்டர்கார்டு புது வாடிக்கையாளர்களைச் சேர்க்கவே தடை விழுந்தது, வழிக்கு வந்த பிறகு 2022 ஜூனில் நீங்கியது. இரண்டாவது சுற்றறிக்கை கிரிப்டோ நாணயத்தைப் பற்றியது. அதிலும் அதே மூக்கணாங்கயிறு உத்தி: கிரிப்டோவைத் தடை செய்யவில்லை, அந்த வியாபாரம் செய்பவர்களுக்குக் கணக்கு வைத்துக் கொடுக்கக் கூடாது என்று வங்கிகளுக்கு உத்தரவு. மாட்டை விட்டுவிட்டுத் தண்ணீர்த் தொட்டியை மூடினார்கள்.

2020 மார்ச் 4ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. மூன்று நீதிபதிகள் அமர்வின் தீர்ப்பை எழுதியவர் ராமசுப்பிரமணியன். ரிசர்வ் வங்கிக்கு அதிகாரம் இருக்கிறது என்பதை நீதிமன்றம் மறுக்கவில்லை. ஆனால் கிரிப்டோ வணிகத்தால் வங்கிகளுக்கு இன்ன சேதம் வந்தது என்று எதையும் காட்டாமல், ஒரு தொழிலின் மூச்சையே நிறுத்துவது அளவுக்கு மீறியது என்றது. அதன் பிறகு அரசு வேறு வழியில் போனது. 2022 பட்ஜெட்டில் லாபத்துக்கு 30 சதவீத வரி. அந்த ஆண்டு ஜூலை முதல் ஒவ்வொரு விற்பனையிலும் ஒரு சதவீதம் பிடித்தம். சட்டப்படி இது நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை. வரியை மட்டும் கட்டிவிட்டுப் போ!

கூகுள் பேவுக்கு உரிமம் உண்டா?

2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் யுபிஐ வழியாக நடந்த பரிமாற்றங்கள் 2,000 கோடியைத் தாண்டின. இத்தனையும் நடப்பது பெரும்பாலும் இரண்டே செயலிகளில்: ஃபோன்பே, கூகுள் பே.

2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் நாலாவது பிரிவு, ரிசர்வ் வங்கியின் அனுமதி இல்லாமல் யாரும் பணப் பட்டுவாடா முறை நடத்தக் கூடாது என்கிறது. மீறினால் பத்து ஆண்டு வரை சிறை. அப்படியானால் கூகுள் பேவிடம் அனுமதி இருக்கிறதா? டெல்லியில் ஒருவர் இந்தக் கேள்வியோடு வழக்குப் போட்டார். 'இல்லை, தேவையும் இல்லை' என்பதுதான் ரிசர்வ் வங்கியின் பதில். பட்டுவாடா முறையை நடத்துவது தேசியப் பட்டுவாடாக் கழகமான என்பிசிஐ. அனுமதி அதனிடம் இருக்கிறது. கூகுள் பே வெறும் மூன்றாம் தரப்புச் செயலி, வாசலில் நிற்கும் ஆள். 2023 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் இதை ஏற்று வழக்கைத் தள்ளுபடி செய்தது.

வாசலில் நிற்கும் ஆளைத் தொடாமல் வீட்டுக்காரரை அடித்தால் என்ன ஆகும் என்பதை 2024 ஜனவரி 31 காட்டியது. அன்று ரிசர்வ் வங்கி பேடிஎம் பேமென்ட்ஸ் வங்கிக்குப் புது டெபாசிட் வாங்கத் தடை போட்டது. அதற்கான கெடுவைப் பிறகு மார்ச் 15 வரை நீட்டியது. டீக்கடைகளில் பேடிஎம் ஒலிபெருக்கியைக் கழற்றலாமா என்ற குழப்பம். வங்கி நின்றது, செயலியோ மார்ச் 14ஆம் தேதி வேறு நான்கு வங்கிகளின் தோளில் ஏறிக்கொண்டு ஓட என்பிசிஐ அனுமதி கொடுத்துவிட்டது. கயிறு வெட்டிய இடத்தில் மாட்டுக்கு வேறு கயிறு.

எந்தச் செயலியும் மொத்தப் பரிமாற்றத்தில் 30 சதவீதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று 2020 நவம்பரில் என்பிசிஐ சொன்னது. கெடு 2022 இறுதி என்றார்கள். பிறகு 2024 இறுதி. பிறகு 2026 இறுதி. இதற்குமேல் அந்த விதியைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

கயிறே இல்லாத மாடு

மூக்கணாங்கயிறு உத்தியின் ஓட்டை இப்போது தெரிந்திருக்கும். பின்னால் உரிமம் பெற்ற நிறுவனமே இல்லாத செயலியை என்ன செய்வது? ரிசர்வ் வங்கியால் இழுக்கக் கயிறு இல்லை. 2023 பிப்ரவரியில் மத்திய அரசு 94 கடன் செயலிகளை முடக்கியது. 2022 செப்டம்பருக்கும் 2023 ஆகஸ்டுக்கும் நடுவே கூகுள் தன் ப்ளே ஸ்டோரிலிருந்து 2,200க்கும் மேற்பட்ட கடன் செயலிகளை நீக்கியதாக நாடாளுமன்றத்தில் சொன்னார்கள். வெட்ட வெட்ட முளைக்கிற சீமைக் கருவேலம் இது.

உரிமம் இல்லாமல் கடன் கொடுப்பதையே குற்றமாக்கும் மசோதாவின் வரைவை மத்திய நிதி அமைச்சகம் 2024 டிசம்பரில் வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. தமிழ்நாடு சட்டமன்றம் 2025 ஏப்ரலில், கட்டாய வசூலுக்கு ஐந்து ஆண்டு வரை சிறையும் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கும் மசோதாவை நிறைவேற்றியது. டிஜிட்டல் கடன் தளங்களையும் அதற்குள் கொண்டுவந்தது. தண்டலுக்கு விளக்கம் எழுதிய சட்டமன்றம், 22 ஆண்டு கழித்துச் செயலிக்கு வந்து சேர்ந்தது.

இன்னொரு ஓட்டை நம் பக்கமே இருக்கிறது. உங்களுக்குத் தெரியாமல் கணக்கிலிருந்து பணம் போனால், 2017 ஜூலை 6ஆம் தேதிச் சுற்றறிக்கை உங்களைக் காக்கிறது. தவறு மூன்றாம் ஆளுடையது என்றால், வங்கியிலிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்தால் உங்களுக்கு நஷ்டம் இல்லை. தவறு உங்களுடையது என்று நிரூபிக்க வேண்டியது வங்கியின் பொறுப்பு. ஆனால் ஓடிபியையோ ரகசிய எண்ணையோ நீங்களே சொல்லிவிட்டால், புகார் செய்யும் வரை போன பணம் போனதுதான். இன்றைய மோசடிகளில் பெரும்பகுதி இந்த ரகம். சட்டம் காக்கும் பக்கம் ஒன்று, கொள்ளை நடக்கும் பக்கம் இன்னொன்று.

உங்கள் கைபேசியிலும் ஒரு கடன் காத்திருக்கலாம். வாங்குவதும் விடுவதும் உங்கள் பாடு. வாங்குவதானால், கொடுப்பவர் பெயரைத் தேடிப் பிடித்து, அந்தச் செயலி ரிசர்வ் வங்கி 2025 ஜூலை முதல் இணையத்தில் வைத்திருக்கும் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டியலில் இல்லை என்றால் தொட வேண்டாம். தொல்லை வந்தால் முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார். 30 நாளில் தீரவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர், கட்டணம் கிடையாது, தகவலுக்கு 14448. பணம் பறிபோனால் அந்த நிமிடமே 1930.

முக்கிய விவர அறிக்கையைத் தமிழில் கேளுங்கள். 'எங்களிடம் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது' என்றால் விடாதீர்கள். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அதைத் தர வேண்டும் என்பது 2024 அக்டோபர் 1 முதல் விதி.